ஸோனா திரும்பி வந்த நான்கு இரவுகள்

ஊர் சொல்லும் ஆவிகள்: வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 4

சென்ற வாரம் டென்னசி மாநிலத்து ஆடம்ஸ் கிராமத்தில், ஜான் பெல் குடும்பத்தைப் படாதபாடு படுத்தியதாகச் சொல்லப்படும் சூனியக்காரியின் கதையைப் பார்த்தோம். ஜான் பெல் இறந்தது 1820 டிசம்பரில். அந்தக் கதையை விரிவாகச் சொல்லும் புத்தகம் அச்சேறியது 1894-ல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாய்மொழியாக வளர்ந்த கதையில் எது நடந்தது, எது சேர்ந்தது என்று பிரிப்பது கடினம்.

இந்த வாரக் கதைக்கு அந்தச் சிக்கல் இல்லை. கொலை, பிரேதப் பரிசோதனை, வழக்கு, தீர்ப்பு என எல்லாம் ஒரே ஆண்டுக்குள் நடந்து முடிந்தன. அந்த நாட்களிலேயே உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதின. சாட்சிக் கூண்டில் ஒரு தாய் சொன்ன பதில்கள் அப்படியே அச்சாகி இன்றும் கிடைக்கின்றன. அந்தப் பதில்களுக்கு நடுவேதான் ஒரு ஆவி வந்து நிற்கிறது.

1

1897 ஜனவரி 23. மேற்கு வர்ஜீனியா மாநிலம், கிரீன்பிரையர் மாவட்டம். அலெகேனி மலைத்தொடரின் மடியில் பண்ணைகளும் சிறு தேவாலயங்களும் சிதறிக் கிடக்கும் பகுதி. அங்கே லிவ்சேஸ் மில் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையில் வேலை பார்த்தவன் எட்வர்ட். முழுப் பெயர் எராஸ்மஸ் ஸ்ட்ரிப்ளிங் டிரவுட் ஷூ. அன்று அவன் அக்கம்பக்கத்துச் சிறுவன் ஒருவனைத் தன் வீட்டுக்கு அனுப்பினான். மனைவிக்கு ஏதாவது வேலை செய்துகொடுக்க வேண்டுமா என்று கேட்டு வரச் சொன்னான்.

சிறுவன் கதவைத் திறந்து உள்ளே போனான். மாடிப்படியின் கீழே எட்வர்டின் மனைவி ஸோனா கிடந்தாள். கால்கள் நேராக நீட்டியிருந்தன. ஒரு கை உடலோடு ஒட்டியிருந்தது, மறு கை வயிற்றின் மேல். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து அருகே போனவன், அடுத்த நொடி அலறிக்கொண்டு தன் தாயிடம் ஓடினான். அந்த அம்மாள் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

டாக்டர் ஜார்ஜ் நாப் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. திடீர்ச் சாவுகளை விசாரித்துக் காரணம் எழுதும் பொறுப்பும் அவருடையதுதான். அவர் வருவதற்குள் அந்த வீட்டில் பல காரியங்கள் முடிந்துவிட்டிருந்தன. எட்வர்ட் உடலை மாடிக்குத் தூக்கிப் போயிருந்தான். தானே குளிப்பாட்டி, நல்ல உடை உடுத்திக் கட்டிலில் கிடத்தியிருந்தான்.

அந்தப் பகுதியில் இறந்த பெண்ணைக் குளிப்பாட்டி உடுத்துவது ஊர்ப் பெண்களின் கடமை. சொந்தமும் அண்டை அயலும் வந்து கூடி, கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். கணவன் வெளியே உட்கார்ந்திருப்பான். எட்வர்ட் எந்தப் பெண்ணையும் கூப்பிடவில்லை. அவன் தேர்ந்தெடுத்த உடையும் கவனிக்க வேண்டியது. கழுத்தை முழுக்க மறைக்கும், விறைப்பான உயரக் கழுத்துப்பட்டை வைத்த கவுன். முகத்தின் மேல் ஒரு மெல்லிய துணி.

டாக்டர் நாப் உடலைப் பார்க்கத் தொடங்கியதும், எட்வர்ட் மனைவியின் தலையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு விம்மி அழுதான். தலைமாட்டை விட்டு நகரவே இல்லை. கழுத்தோரம் ஏதோ கன்றியிருப்பது டாக்டரின் கண்ணில் பட்டது. பட்டையை விலக்கிப் பார்க்க முயன்றபோது எட்வர்ட் ஆவேசமாகக் குறுக்கிட்டான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த துக்கத்தில் துடிக்கிறான் என்று நினைத்த டாக்டர் அத்துடன் நிறுத்திக்கொண்டார். சாவுக்குக் காரணமாக முதலில் 'மீளா மயக்கம்' என்று குறித்தார். பிறகு அதைப் 'பிரசவக் கோளாறு' என்று மாற்றினார். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாக ஸோனா அவரிடம் வைத்தியம் பார்த்துவந்தவள்தான்.

மீளா மயக்கம், பிரசவக் கோளாறு. ஒரு சாவுக்கு எழுதப்பட்ட இந்த இரண்டு காரணங்களில் எதுவும் கழுத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அந்தச் செய்தி மலைக்கு அந்தப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனபோது, ஸோனாவின் தாய் மேரி ஜேன் ஹீஸ்டர் காரணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பேய்தான் அவளைக் கொன்றுவிட்டது என்று சொன்னதாக ஊர் நினைவு வைத்திருக்கிறது.

அவர் 'பேய்' என்று சொன்னது யாரை?

2

ஸோனா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். கிரீன்பிரையர் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். எட்வர்ட் வெளியூர்க்காரன். 1896-ல் அந்தப் பக்கம் பிழைப்புத் தேடி வந்து, ஜேம்ஸ் குரூக்‌ஷாங்க்ஸ் என்பவரின் கொல்லன் பட்டறையில் சேர்ந்தான். கட்டுமஸ்தான உடம்பு, நயமான பேச்சு. பார்த்துப் பழகிய சில நாட்களிலேயே, அந்த அக்டோபரில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மேரி ஜேனுக்கு மாப்பிள்ளையை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. கல்யாணமான மூன்றே மாதத்தில் மகள் பிணமாகக் கிடந்தாள்.

உடலைத் தாய்வீட்டுப் பக்கமுள்ள லிட்டில் ஸூவெல் மலைப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இரவு முழுக்க உறவினரும் ஊராரும் சவப்பெட்டியைச் சுற்றி விழித்திருந்தார்கள். அந்த இரவில் எட்வர்ட் நடந்துகொண்ட விதத்தைப் பலர் கவனித்தார்கள். ஒரு சமயம் தாளாத துக்கம், மறு சமயம் காரணமில்லாத பரபரப்பு. சவப்பெட்டியின் தலைமாட்டுக்கு யாரையும் நெருங்கவிடவில்லை. மனைவியின் தலைக்கு ஒரு பக்கம் தலையணையும் மறு பக்கம் சுருட்டிய துணியும் வைத்து அண்டை கொடுத்திருந்தான். அவள் நிம்மதியாக உறங்கத்தான் அப்படி வைத்தேன் என்றான். கழுத்தைச் சுற்றிப் பெரிய துணி ஒன்றைக் கட்டியிருந்தான். அவளுக்கு மிகவும் பிடித்த துணி, அதோடுதான் புதைக்க வேண்டும் என்றான்.

பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கியபோது, அசைவில் அந்தத் தலை நிலைகொள்ளாமல் ஆடியதைச் சிலர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ஸூல் சேப்பல் மெதடிஸ்ட் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஸோனாவை அடக்கம் செய்தார்கள்.

அடக்கத்துக்கு முன் சவப்பெட்டியிலிருந்த ஒரு விரிப்பை மேரி ஜேன் எடுத்துவைத்திருந்தார் என்றும், அதை மாப்பிள்ளையிடம் நீட்டியபோது அவன் வாங்க மறுத்தான் என்றும், துவைக்கப் போட்டதும் தண்ணீர் சிவந்தது என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. அதைச் சொன்னவர்கள் பின்னால் வந்தவர்கள். தாயின் வாக்குமூலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நாம் மேலே போவோம்.

மண்ணை மூடியாயிற்று. டாக்டர் எழுதிக்கொடுத்தாயிற்று. கணவன் பட்டறைக்குத் திரும்பிவிட்டான். சட்டப்படி எல்லாம் முடிந்த கணக்கு. பெற்ற மனம் மட்டும் ஆறவில்லை. மகள் எப்படிச் செத்தாள் என்று அவளே வந்து சொல்ல வேண்டும் என இரவு இரவாக ஜெபம் செய்தார் மேரி ஜேன்.

சில வாரங்கள் கழித்து ஓர் இரவு, அந்த அறையில் யாரோ நிற்பதைப் பார்த்தார்.

3

இனி வருவது மேரி ஜேன் சத்தியம் செய்துகொடுத்த சாட்சியத்தில் உள்ளது.

மகள் நான்கு இரவுகள் வந்தாள். வெள்ளை உடுத்தி மிதந்துவரும் உருவமாக அவர் வர்ணிக்கவில்லை. செத்தபோது போட்டிருந்த அதே உடையில், உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே வந்தாள் என்றார். முதல் இரவு அவ்வளவாகப் பேசவில்லை. சொல்லத் தயங்குகிறவள்போல் இருந்தாளாம். போகும்போது தலையை முழுவதுமாகப் பின்னால் திருப்பித் தாயைப் பார்த்தாள். எல்லாவற்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அடுத்தடுத்த இரவுகளில் கதை முழுசாக வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சி சமைக்கவில்லை என்று அவனுக்குக் கோபம். ஆனால் வீட்டில் சாப்பிட எவ்வளவோ இருந்தது என்று சொன்னாளாம் மகள். வெண்ணெய் இருந்தது. ஆப்பிளைக் காய்ச்சி எடுத்த பசை இருந்தது. ஆப்பிள் இருந்தது. பேரிக்காய், செர்ரி, ராஸ்பெரி என்று பழப்பாகு வகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொலையுண்ட பெண் திரும்பி வந்து தாயிடம் சொல்லும் முதல் விஷயம், சமையலறை அலமாரியில் என்னென்ன இருந்தது என்பது. நான் நன்றாகத்தான் குடும்பம் நடத்தினேன் அம்மா, பசியோடு யாரையும் வைக்கவில்லை என்று கணக்கு ஒப்பிக்கிறாள். கணவன் கையில் அடிபட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் தாய்வீட்டுக்கு வந்து பேசும் பேச்சு இதேதான். தவறு தன்மேல் இல்லை என்பதை முதலில் நிரூபித்துவிட்டுத்தான் அடியைப் பற்றியே பேசுவார்கள். கட்டுக்கதை சொல்லும் ஒருவர் வசதிக்காகச் சேர்க்கக்கூடிய விவரமாக இது எனக்குப் படவில்லை. மகளை அறிந்த, மகளின் பயத்தை அறிந்த ஒரு தாயின் வாயிலிருந்துதான் இது வந்திருக்க முடியும்.

கடைசியாக விஷயத்துக்கு வந்தாள். கழுத்தை நெரித்து முதல் மூட்டிலேயே முறித்துவிட்டான் என்றாள். தான் குடியிருந்த வீடு எப்படி இருக்கும், எந்த மூலையில் தேட வேண்டும் என்றும் சொன்னாள். மேரி ஜேன் அதுவரை அந்த வீட்டை நேரில் பார்த்ததில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது எல்லாம் மகள் சொன்னபடியே இருந்ததாகச் சாட்சியத்தில் சொல்கிறார்.

கழுத்தின் முதல் மூட்டு. புதைகுழிக்குள் துணி சுற்றிக் கிடக்கும் அந்த ஓர் இடத்தைத் தாய் சுட்டிக்காட்டிவிட்டார். டாக்டர் பார்க்காத இடம். கணவன் யாரையும் பார்க்க விடாத இடம்.

ஆனால் இறந்துபோன மகள் வந்து சொன்னாள் என்று சொன்னால், எந்த அரசு அதிகாரி கல்லறையைத் தோண்ட உத்தரவு போடுவார்?

4

மாவட்டத் தலைநகர் லூயிஸ்பர்க். அரசு வழக்கறிஞரின் பெயர் ஜான் ஆல்ஃபிரட் பிரஸ்டன். மேரி ஜேன் அவர் எதிரில் போய் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்.

1897-ல் அந்த மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. ஜூரியில் உட்காரும் உரிமையும் இல்லை. மலைப் பண்ணையிலிருந்து வந்த அந்தத் தாயின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட ஆதாரமாக இல்லை. எதிர்ப்பக்கம் டாக்டர் எழுதிய காரணம் இருந்தது. பிரஸ்டன் அவரை எழுப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஆவி பேசியதை அவர் நம்பினாரா என்பது கேள்வியே இல்லை. அவர் செய்தது ஒரு நல்ல வழக்கறிஞர் செய்ய வேண்டிய வேலை. ஆட்களை அனுப்பி ஊராரை விசாரித்தார். கழுத்துப்பட்டையைப் பற்றியும், கட்டியிருந்த துணியைப் பற்றியும், ஆடிய தலையைப் பற்றியும் ஊரார் இப்போது வாய் திறந்தார்கள். டாக்டர் நாப், தான் உடலை முழுமையாகப் பரிசோதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரேதத்தைத் தோண்டி எடுக்க அது போதும்.

1897 பிப்ரவரி 22. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தை அன்றைக்குப் பிரேதப் பரிசோதனைக் கூடமாக ஆக்கினார்கள். ஒரே ஒரு வகுப்பறை கொண்ட பள்ளிக்கூடம். மலைக்குளிரில் உடல் அதிகம் சிதையாமல் இருந்தது. டாக்டர் நாப்பும் வேறு இரண்டு டாக்டர்களும் வேலையைத் தொடங்கினார்கள். எட்வர்டும் அங்கே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்துப் பார்த்தான். வந்தபோது ஒரு வார்த்தை சொன்னான். என்னைக் கைது செய்வார்கள் என்று தெரியும், ஆனால் நான்தான் செய்தேன் என்று அவர்களால் நிரூபிக்க முடியாது என்றான்.

யார் செய்தது என்ற கேள்வியை அதுவரை அந்த அறையில் யாரும் எழுப்பவில்லை. பரிசோதனையே முடியவில்லை. சாவுக்குக் காரணம் நோய் என்றுதான் அரசு ஏட்டில் இருந்தது. மனைவி நோயில் செத்தாள் என்று நம்பும் கணவன் நிரூபிப்பதைப் பற்றிப் பேச மாட்டான்.

பரிசோதனை ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீண்டது. டாக்டர்கள் கடைசியில் கழுத்துக்கு வந்தார்கள். அங்கே கண்டதை மார்ச் 9 அன்று போகஹான்டஸ் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. கழுத்து முறிந்திருந்தது. முதல் முதுகெலும்புக்கும் இரண்டாவதற்கும் இடையே எலும்பு விலகியிருந்தது. அவற்றைப் பிணைக்கும் தசைநார்கள் கிழிந்திருந்தன. மூச்சுக்குழாய் முன்பக்கத்தில் நசுங்கியிருந்தது. தொண்டையின் மேல் விரல்கள் பதிந்த தடம்.

முதல் இரண்டு முதுகெலும்புகள்தான் தலையைத் தாங்கித் திருப்புகின்றன. இரண்டாவது எலும்பிலிருந்து மேலே நீளும் சிறு முளையைச் சுற்றி முதல் எலும்பு திரும்புவதால்தான் நாம் இடமும் வலமும் பார்க்கிறோம். அந்தப் பிணைப்பு அறுந்தால் தலைக்குப் பிடிமானமே இருக்காது. அண்டைக்கு வைத்த தலையணை, சுருட்டிய துணி, விறைப்பான கழுத்துப்பட்டை என எல்லாம் எதற்காக என்று இப்போது விளங்கியது. தலை ஆடாமல் இருக்க அவன் எழுப்பிய முட்டு அது.

எட்வர்டைக் கைது செய்து லூயிஸ்பர்க் சிறையில் அடைத்தார்கள். அவன் கலங்கவில்லை. சிறையில் பார்க்க வந்தவர்களிடம், வாழ்நாளில் ஏழு பெண்களைக் கட்ட எனக்கு ஆசை, ஸோனா மூன்றாவதுதான், எனக்கு இன்னும் வயதிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தான். மூன்றாவது என்ற அந்தச் சொல்லை வைத்து விசாரித்தபோது பழைய கதைகளும் வெளியே வந்தன. முதல் மனைவி, கொடுமை தாங்காமல் விவாகரத்து வாங்கியவள். இரண்டாமவள், கல்யாணமாகி ஓராண்டுகூட முடியாமல் சந்தேகத்துக்குரிய முறையில் செத்தவள்.

ஆனாலும் அவன் தெம்பாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. கொலையைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. முறிந்த கழுத்து கொலையை நிரூபிக்கும். கொலைகாரனை நிரூபிக்குமா?

5

1897 ஜூன் 22 அன்று விசாரணை தொடங்கியது. மாவட்டமே நீதிமன்றத்தில் திரண்டது.

பிரஸ்டன் முழுக்க முழுக்கச் சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்தே வழக்கை அடுக்கினார். ஊராரை ஒவ்வொருவராக அழைத்தார். மேரி ஜேனைக் கூண்டில் ஏற்றியபோது நடந்ததைத்தான் இந்தக் கதையைச் சொல்கிற பலர் விட்டுவிடுகிறார்கள். பிரஸ்டன் ஆவியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கண்டதையும் அறிந்ததையும் மட்டும் சொல்ல வைத்தார். இறந்தவர் வந்து சொன்னார் என்பது சாட்சியமாகாது. செவிவழிச் செய்தியை ஏற்காத சட்டம், செத்தவர் வழியாக வந்த செய்தியை எப்படி ஏற்கும்? அதைவிடப் பெரிய ஆபத்து, தன் முக்கியச் சாட்சியைப் பித்துப் பிடித்தவர் என்று ஜூரி நினைத்துவிட்டால் வழக்கே கைநழுவிப் போகும். ஆவியை நீதிமன்றத்துக்கு வெளியிலேயே நிறுத்த அரசுத் தரப்பு முடிந்ததையெல்லாம் செய்தது.

ஆவியை உள்ளே அழைத்து வந்தது எதிர்த்தரப்பு.

குறுக்கு விசாரணையில் எட்வர்டின் வழக்கறிஞர், ஏதோ கனவோ காட்சியோ கண்டுதான் பிரேதத்தைத் தோண்ட வைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்தார். கூட்டத்தின் முன் இந்த அம்மாளின் மூடநம்பிக்கையை அம்பலமாக்கிவிட்டால் வழக்கு உடையும் என்பது அவர் கணக்கு. மேரி ஜேன் அசையவில்லை. கனவில்லை என்றார். நான்கு இரவுகளையும் வரிசையாகச் சொன்னார். இறைச்சி, வெண்ணெய், பழப்பாகு, முறிந்த மூட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

மகள் செத்த துக்கத்தில் மனம் உருவாக்கிய கனவுதானே என்று மறுபடி கேட்டார் வழக்கறிஞர். வாழ்நாளில் எப்போதும்போல நன்றாக விழித்திருந்தேன் என்றார் தாய். உங்களுக்கு மூடநம்பிக்கை உண்டா? இல்லை, முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. வேதத்தை நம்புகிறீர்களா? நம்புகிறேன், நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் ஏதுமில்லை. அதில் இருப்பது ஆண்டவரின் வார்த்தை என்று நம்புகிறீர்களா? ஆமாம், நீங்கள் நம்பவில்லையா என்று திருப்பிக் கேட்டார். கடைசியாக வழக்கறிஞர், இது கனவுதான் என்று உங்கள் வாயால் சொல்ல வைக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று ஏறக்குறையக் கெஞ்சும் அளவுக்கு வந்தார். சொல்ல மாட்டேன், நான் பொய் சொல்லப் போவதில்லை என்று முடித்துவிட்டார் மேரி ஜேன்.

வலையை விரித்தவரே அதில் விழுந்தார். ஆவிக் கதையை அரசுத் தரப்பு கொண்டுவந்திருந்தால், அதைப் பதிவிலிருந்து நீக்கக் கேட்டிருக்கலாம். தானே கேட்டு வாங்கிய பதிலை யாரிடம் போய் நீக்கச் சொல்வது? ஜூரியில் உட்கார்ந்திருந்த மலைக்காரர்களின் காதில் அது விழுந்துவிட்டது.

பிறகு எட்வர்ட் கூண்டேறினான். வெகுநேரம் பேசினான். எல்லாவற்றையும் மறுத்தான். பகைமையால் போட்ட வழக்கு என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் குற்றவாளியா என்று ஜூரியிடம் முறையிட்டான். அவன் பேச்சும் நடத்தையும் பார்த்தவர்களிடம் நல்ல எண்ணத்தை ஏற்படுத்தவில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது.

ஜூரி உள்ளே போனது. ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் கழித்து வெளியே வந்தது. குற்றவாளி. தூக்குக்குப் பதில் ஆயுள் சிறை.

அந்தத் தண்டனை போதாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஜூலை 11 அன்று, எட்வர்டைச் சிறையிலிருந்து இழுத்துவந்து தூக்கில் போடுவதற்காக ஆயுதங்களோடு ஒரு கும்பல் கூடியது. செய்தி முன்கூட்டியே எட்டியதால் காவல் அதிகாரிகள் கைதியைச் சிறையிலிருந்து அப்புறப்படுத்தி, கும்பலைத் திருப்பி அனுப்பினார்கள். எட்வர்ட் மவுண்ட்ஸ்வில் மாநிலச் சிறைக்குப் போனான். 1900 மார்ச்சில், சிறைக்குள் பரவிய தொற்றுநோயில் செத்தான். ஏழு மனைவிகள் என்ற கணக்கு மூன்றோடு நின்றது.

மேரி ஜேன் 1916 வரை வாழ்ந்தார். கடைசிவரை ஒரு வார்த்தையையும் மாற்றிச் சொல்லவில்லை.

கதை இங்கே முடிந்ததாகவே பல தலைமுறைகள் நினைத்தன. பிறகு ஒருவர் பழைய பத்திரிகைக் கட்டைப் புரட்டினார்.

6

கேட்டி லெட்சர் லைல் என்ற எழுத்தாளர் இந்த வழக்கைப் பற்றி நூல் எழுதுவதற்காக அந்தக் காலத்துப் பத்திரிகைகளைத் தேடிப் படித்தார். கிரீன்பிரையர் இண்டிபென்டன்ட் பத்திரிகையின் 1897 ஜனவரி 28 இதழில் ஸோனாவின் மரணச் செய்தி வந்திருந்தது. அதே இதழில் வேறொரு சின்னச் செய்தியும் இருந்தது. தலைப்பிலேயே அது ஆவிக் கதை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது அது. கொலையுண்ட ஒருவனின் ஆவி, அவன் உடல் போடப்பட்ட குட்டையின் வேலிமேல் உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்த்தார்களாம். தேடியபோது உடல் கிடைத்தது, கொலைகாரர்கள் பிடிபட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சாகக் கிடந்த ஒருவன் உண்மையைச் சொன்னான். ஆவியைக் கிளப்பிவிட்டது அவன்தான். கொலையை நேரில் பார்த்தவன் அவன். வெளியே சொன்னால் உயிர் போகும் என்று மிரட்டப்பட்டிருந்தான். பார்த்ததைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த ஒரே வழி, பார்க்காத ஆவியைப் பார்த்ததாகச் சொல்வது.

ஸோனாவைப் புதைத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. மகளின் மரணச் செய்தி வந்த பத்திரிகையை அந்த வீடு கையில் எடுத்திருக்காதா? மேரி ஜேன் இந்தச் செய்தியைப் படித்திருக்கலாம், அதிலிருந்து வழி பிறந்திருக்கலாம் என்பது லைல் முன்வைத்த ஊகம்.

ஊகம் உண்மையானால் மேரி ஜேனின் மதிப்பு குறையுமா? என்னைக் கேட்டால் கூடும். கல்லறையருகே கூடிய ஊரார் ஆடிய தலையைப் பார்த்தார்கள், பேசாமல் திரும்பினார்கள். டாக்டர் கன்றிய கழுத்தைப் பார்த்தார், பேசாமல் கையெழுத்திட்டார். மருமகன்மேல் சந்தேகம் என்று ஒரு தாய் சொன்னால் அது மாமியார் மனக்கசப்பு. செத்த மகளே சொன்னாள் என்று சொன்னால் ஊர் கேட்கும். கேட்க ஆரம்பித்த ஊர், தான் பார்த்ததையும் சொல்லத் தொடங்கியது. ஆவி வந்ததா, வரவில்லையா என்ற வழக்கைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஊமையாக நின்றவர்களைப் பேச வைத்தது அந்த நான்கு இரவுகள்தான்.

அவர் உண்மையிலேயே மகளைக் கண்டதாக நம்பியிருக்கலாம். துக்கத்தில் இருப்பவர்கள் இறந்தவரைக் காண்பதும் குரல் கேட்பதும் உலகமெங்கும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் அனுபவம். மாப்பிள்ளையைப் பற்றி அவர் மனம் அறிந்திருந்தது, சவப்பெட்டியருகே அவர் கண் பார்த்தது எல்லாம் ஓர் இரவில் மகளின் வாயாகப் பேசியிருக்கலாம்.

இன்று சாம் பிளாக் தேவாலயத்துக்கு அருகே, 60-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் மாநில அரசின் வரலாற்றுப் பலகை நிற்கிறது. ஸோனாவின் சாவு இயற்கையானது என்று கருதப்பட்டதையும், ஆவி தாய்க்குத் தோன்றியதையும், பரிசோதனை அதை உறுதி செய்ததையும் அது சொல்கிறது. ஆவியின் சாட்சியம் கொலைகாரனுக்குத் தண்டனை பெற்றுத்தர உதவியதாக அறியப்பட்ட ஒரே வழக்கு என்று முடிகிறது. ஒரு கொலையுண்ட பெண்ணை அரசு நினைவு வைத்திருப்பது நல்ல காரியம். ஆனால் அந்தக் கடைசி வரி நியாயம் செய்யவில்லை. அரசுத் தரப்பு ஆவியை நம்பி வழக்கு நடத்தவில்லை. தண்டனை பெற்றுத்தந்தவை முறிந்த எலும்பு, விரல் தடம், எட்வர்டின் வாயிலிருந்து வந்த சொற்கள், ஊராரின் சாட்சியம். அந்த எலும்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் மேரி ஜேன் ஹீஸ்டர். அந்தப் பலகையில் அவர் வெறும் 'தாய்'. பெயர் இல்லை.

சிற்றூர்களின் ஆவிக் கதைகளைக் கேட்கும்போது, பேய் உண்டா இல்லையா என்று உடனே தர்க்கத்தில் இறங்கிவிடாதீர்கள். எந்தச் சாவுக்கு யார் பதில் சொல்லாமல் விட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். கிரீன்பிரையரில் அந்தக் கேள்விக்கு ஒரு தாய் பதிலை வாங்கியே தீர்த்தார்.

எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை. 1892 மார்ச் 17. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் எக்ஸிடர் கிராமம். ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவி, இரண்டு மகள்கள் எல்லோரையும் ஒரே நோய் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய மகன் எட்வினும் இருமியபடி படுத்துக் கிடந்தான். செத்தவர்களில் ஒருவர் இன்னும் முழுதாகச் சாகவில்லை, அவர்தான் இந்தப் பிள்ளையின் உயிரை உறிஞ்சுகிறார் என்றார்கள் ஊரார். தந்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஊர் விடவில்லை. டாக்டர் வந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். முதல் பிரேதப் பெட்டியில் எலும்புக்கூடு. இரண்டாவதிலும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது, ஜனவரியில் இறந்த பத்தொன்பது வயது மெர்சியின் பெட்டி. மூடியைத் திறந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

(தொடரும்)